கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் ஒரு வாரம்: கலை, சாப்பாடு, இசை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

அப்பா, அம்மா, பத்து வயது மகள் மூவரையும் அழைத்துக்கொண்டு ஜனவரியில் ஏழு நாள் வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நவக்கிரகக் கோயில்களை வரிசையாக முடிக்கும் பயணம் வேண்டாம், ஊரின் கலைகளையும் சாப்பாட்டையும் பாட்டையும் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். படித்ததும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் கோவைக்கு வந்த பிறகும் வருடத்துக்கு ஒரு குடும்பத்தையாவது ஊருக்கு அழைத்துப் போய்விடுவேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கே போவது என்பதைவிட எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்பதுதான் முக்கியம். பெரும்பாலானவர்கள் பெரிய கோயிலில் ஆரம்பித்து, கடைசி நாள் ஏதாவது ஒரு பட்டறையை எட்டிப் பார்த்துவிட்டு, பொம்மை வாங்கிக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு பொருளைச் செய்யும் இடத்தை முதலில் பாருங்கள், செய்து முடித்ததைப் பிறகு பாருங்கள். நாதஸ்வரம் கடையும் பட்டறைக்குப் போய் வந்தவர், கோயிலில் நாதஸ்வரம் கேட்கும்போது அப்படியே நின்றுவிடுவார். இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் நான்கு இரவு கும்பகோணம், மீதி தஞ்சாவூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்தான். தினமும் அறை மாற்றினால் பெரியவர்கள் இரண்டாம் நாளே சோர்ந்துபோவார்கள்.

டிக்கெட் எடுக்கும் முன்பு நாள்காட்டியைப் பாருங்கள். எனக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு. என் கணவரின் அண்ணன் குடும்பத்தை முதல்முறை சுவாமிமலைக்கு அழைத்துப் போன அன்று தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. உளிச் சத்தமும் இல்லை, அடுப்புப் புகையும் இல்லை. திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர், "இன்னிக்கு அமாவாசைம்மா, உளியைத் தொட மாட்டோம்" என்றார். அவர்கள் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்திருந்தார்கள். நான் தேதி பார்க்காததால் அந்த நாள் வீணாயிற்று. அதிலிருந்து அமாவாசையையும் பொங்கலை ஒட்டிய நாட்களையும் பட்டறைகளுக்கு ஒதுக்குவதே இல்லை. அந்த நாட்களில் கோயிலும் ஆற்றங்கரையும் போதும். தை பிறந்ததும் கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில் உத்தராயண வாசல் திறந்துவிடும், ஆடி வரைக்கும் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பொங்கலன்று ஊரில் இருந்தால் அங்கே போகலாம்.

அப்புறம், ஒரு நாளின் கணக்கு. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பட்டறை. நடுப்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும், அது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்குமான நேரம். மாலை ஐந்துக்கு மேல் கோயிலோ கச்சேரியோ. ஒரு நாளைக்கு ஒரு பெரிய விஷயம் போதும். காலையில் ஒரு பட்டறை, மதியம் இன்னொன்று என்று போட்டால் இரண்டாவது இடத்தில் யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள்.

சுவாமிமலையை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்திலிருந்து அரைமணிக்குள் போய்விடலாம். முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலருக்குப் பக்கத்துத் தெருக்களில் ஸ்தபதிகள் வார்ப்பு வேலை செய்வது தெரியாது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில் முதலில் சிலையைச் செய்கிறார்கள். அளவெடுக்கத் தென்னை ஓலைதான். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதைச் சம பாகங்களாக மடித்து, முகத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என்று பிரித்துக்கொள்வார்கள். உங்கள் மகளை அந்த மடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு வாத்தியார் ஒரு மாதம் நடத்தும் விகிதம் அங்கே ஒரே ஓலையில் புரிந்துவிடும்.

மெழுகுச் சிலை மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசுவார்கள். அந்த மண் அவ்வளவு நைசாக இருப்பதால் விரல் நகத்தின் கோடுகூடப் பதியும். காய்ந்ததும் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும், உள்ளே சிலை வடிவில் வெற்றிடம் நிற்கும். அதில்தான் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தாக வேண்டும். அச்சு போய்விடுவதால் அதே சிலை இரண்டாவது முறை வராது. அதற்கப்புறம் உளி வேலை மட்டுமே வாரக்கணக்கில் நடக்கும். எல்லா நாளும் உலோகம் ஊற்ற மாட்டார்கள், அதனால் முன்கூட்டியே பேசிக்கொண்டு போங்கள். ஊற்றும் நாள் இல்லாவிட்டாலும் மெழுகு வேலையையும் உளி வேலையையும் உட்கார்ந்து பார்க்கலாம். போட்டோ எடுக்கும் முன்பு கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சின்ன விளக்கையாவது வாங்கி வாருங்கள். அவர்கள் உங்களுக்காகக் கொடுத்த நேரம் வேலை நேரம்.

இரண்டாம் நாள் நரசிங்கம்பேட்டை. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைச் சாலையில் ஆடுதுறை தாண்டி இருக்கும் சின்ன ஊர். இங்கே கடையும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரம்தான் வேண்டும், அதிலும் புதிதாக வெட்டிய மரம் ஆகாது. பழைய வீடு இடிக்கும் இடங்களில் உத்தரமாகவும் தூணாகவும் பல காலம் நின்று ஈரம் முழுக்கப் போன மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். யாரோ ஒருவருடைய கூரையைத் தாங்கிய கட்டை, கடைசலில் ஏறி, துளை போட்டு, கல்யாண மண்டபத்தில் பாடுகிறது. எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் சிலிர்க்கும்.

பக்கத்து ஊர் திருவாவடுதுறையின் பெயரோடு வாழ்ந்தவர் நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. முன்பெல்லாம் திமிரி என்ற குட்டையான நாதஸ்வரம்தான், சுருதி உச்சத்தில் இருக்கும். சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசும் நீளமான பாரி நாதஸ்வரத்தை அவருக்காகச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. இன்று நாம் கேட்பது பெரும்பாலும் அந்த வழியில் வந்த வாத்தியம்தான். பட்டறையில் துளைகளை எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு இருக்கும். விரல் படுவது ஏழில். மீதி ஐந்தும் சுருதியைச் சீர்செய்ய, தேவைப்பட்டால் மெழுகு வைத்து அடைப்பார்கள்.

திரும்பும் வழியில் திருபுவனத்தில் இறங்கித் தறியைப் பார்த்துவிடலாம். பட்டு வாங்கும் எண்ணம் இருந்தால் நேரம் ஒதுக்குங்கள், இல்லையென்றால் ஒரு மணி நேரம் போதும். அன்று மாலை கும்பகோணத்தில் ஏதாவது ஒரு பெரிய கோயிலில் சாயரட்சை என்கிற மாலைப் பூஜை நேரத்துக்குப் போய்விடுங்கள். சுவாமி புறப்பாடு இருக்கும் நாளாக அமைந்தால், அப்போது நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி கேட்கலாம். காலையில் கட்டையாகப் பார்த்தது மாலையில் கம்பீரநாட்டை ராகத்தில் எழும்போது உங்கள் அப்பாவின் முகத்தைக் கவனியுங்கள்.

மூன்றாம் நாள் நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. இதுவும் ஆற்று மண்ணில் வார்ப்பதுதான், சுவாமிமலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அந்த ஊர்ப் பெருமாள் கோயிலில் கல் கருடன் இருக்கிறார். மார்கழியிலும் பங்குனியிலும் புறப்பாட்டின்போது நான்கு பேரில் தொடங்கி எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்திநாலு என்று தூக்குகிறவர்கள் கூடிக்கொண்டே போவார்கள். மாலையில் தாராசுரம். அங்கே இருக்கும் ஐராவதேஸ்வரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. அறுபத்துமூவர் கதைகளைச் சாண் அளவுக்கும் குறைந்த சிற்பங்களாக வைத்திருக்கிறார்கள். வெயில் சாயும் நேரத்தில் அந்தக் கல் தேன் நிறத்துக்கு வரும்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபி போர்டும் பித்தளை டவராவும் பார்த்திருப்பீர்கள். அதை வைத்து எங்கள் ஊர்க் காபியை எடை போடாதீர்கள். ஊருக்குள் காலை ஆறு மணிக்கு, கறந்த பால் வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில், முதல் டிகாஷனில் கலந்து கொடுக்கும் சின்னக் கடையில் குடியுங்கள். டம்ளர் எவர்சில்வராக இருக்கும், பரவாயில்லை. பாலில் தண்ணீர் கலக்காததும் டிகாஷன் புதிதாக இறங்கியதும்தான் அந்த ருசி.

இட்லிக்குக் கடப்பா இருக்கிறதா என்று கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து விட்ட வெள்ளைக் குழம்பு. சாம்பார் போல எப்போதும் கிடைக்காது, சில கடைகளில் வாரத்தில் குறிப்பிட்ட நாள்தான் போடுவார்கள். அதனால் முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நாளை விடாதீர்கள். என் பாட்டி இட்லி மேலேயே ஊற்றி ஊறவைத்துத் தருவார். தொட்டுக்கொண்டு சாப்பிடுவது கடப்பாவுக்குப் பொருந்தாது. மதியம் இலைச் சாப்பாடு முடிந்ததும் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை. பெரியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

தஞ்சாவூருக்குப் போனதும் முதலில் அரண்மனைக் கலைக்கூடம். 1951-ல் தொடங்கியது, சோழர் செப்புத் திருமேனிகள் வரிசையாக இருக்கின்றன. நேராகத் திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்தி முன்னால் போய் நில்லுங்கள். 1011-ல் வார்த்தது. தலையில் பாம்புகளோடு சுற்றிய சடைமகுடம். ஒரு கை காளையின் மேல் சாய்ந்திருக்கிறது, ஆனால் காளை இல்லை, காணாமல் போய்விட்டது. இல்லாத காளையின் மேல் அந்தக் கை அவ்வளவு இயல்பாக ஓய்வெடுக்கிறது. நேராக இங்கே வந்திருந்தால் அழகான சிலை என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பீர்கள். சுவாமிமலையில் ஓலை மடித்ததையும் மண்ணை உடைத்ததையும் பார்த்துவிட்டு வருவதால், இந்த விரல்களை யாரோ மெழுகில் கிள்ளிக் கிள்ளிச் செய்திருக்கிறார் என்று தோன்றும். அருகிலேயே சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம். இரண்டாம் சரபோஜி சேர்த்த சுவடிகளும் படங்களும் மகளுக்குப் பிடிக்கும்.

பெரிய கோயிலை மாலைக்கு வையுங்கள். 1010-ல் முடிந்த கோயில், விமானத்தின் உயரம் பற்றியெல்லாம் வழிகாட்டிகள் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது கல்வெட்டைப் பற்றி. ராஜராஜன் பல ஊர்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்ன தெரு, இத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள் என்பது வரை இருக்கிறது. ஒருவருக்குப் பங்கு ஒன்று, வருடத்துக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முன் ஆடிய பெண்களின் பெயர்கள் இவை. மகளுக்கு இதைச் சொல்லி, இருட்டும்வரை பிராகாரத்தில் உட்கார்ந்திருங்கள். பிரதோஷத்தன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் அப்பா அம்மாவால் நிற்க முடியாது.

அடுத்த நாள் காலை வீணை செய்யும் பட்டறை. பலா மரத்தில் குடைகிறார்கள். ஒரே கட்டையில் குடம், தண்டி எல்லாம் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தேன்மெழுகில் கரி கலந்து, அதில் தந்தியை அழுத்தி வாசிக்கும் இருபத்துநாலு மெட்டுக் கட்டைகளையும் காதால் கேட்டுக் கேட்டுப் பதிப்பதைப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மாலை திருவையாறு. தியாகராஜர் 1847-ல் சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமி என்ற தேய்பிறைத் திதியில் ஆராதனை நடக்கும். பெரும்பாலும் ஜனவரியில் வரும், சில வருடம் மார்கழியிலேயே வந்துவிடும். உங்கள் வாரத்தில் அந்த நாள் விழுந்தால் மற்ற எல்லாத் திட்டத்தையும் நகர்த்திவிட்டுக் காலையிலேயே போய்த் தரையில் இடம்பிடியுங்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில் அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுவது மார்பில் அதிரும். ஆராதனை இல்லாத நாளிலும் போகலாம். சமாதிக்கு எதிரே பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடம் இருக்கிறது. தன் சொத்தைப் போட்டு அந்தச் சமாதிக் கோயிலைக் கட்டியவர், பெண்களும் அங்கே பாட வேண்டும் என்று போராடியவர் அவர். உங்கள் அம்மாவையும் மகளையும் அங்கே கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். அப்புறம் கடைத்தெருவில் சூடாக அசோகா. பாசிப்பருப்பில் கிண்டும் அல்வா, நெய் இலையில் வழியும்.

கடைசி நாளுக்கு எதுவும் வைக்காதீர்கள். எந்த இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும் என்று வீட்டில் ஒருவராவது கேட்பார்கள், அதற்கு அந்த நாள் வேண்டும். தலையாட்டி பொம்மையை அன்று வாங்கிக்கொள்ளலாம். தஞ்சாவூர் ஓவியம் வாங்குவதாக இருந்தால் வரைகிறவரின் வீட்டிலேயே வாங்குங்கள். பலகையில் துணி ஒட்டி, மாவு வைத்துப் புடைப்பாக்கி, தங்கத் தகடு ஒட்டுவதைப் பார்த்துவிட்டால் அச்சுப் படத்தில் கல் ஒட்டி விற்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். அமாவாசையும் ஆராதனையும் எந்த நாளில் வருகின்றன என்று பார்த்து, எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்று சொல்கிறேன்.