வாசகர் கேள்வி: பாறை வரைபடங்கள்

கேள்வி: இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாறை வரைபட இணையதளமான பூகோஷில் சேலம் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவிலான எல்லைக்கோடு நிலத்தின் குறுக்கே ஓடுகிறது. அதை நம்பி போர்வெல் போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் துறை அதை வரைந்தது 1:50,000 அளவில். தாளில் 1 மி.மீ. என்றால் தரையில் 50 மீட்டர், அரை மி.மீ. கோடே 25 மீட்டரை விழுங்கிவிடும். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடுதான் தடிக்கும், விவரம் கூடாது. மண் மூடிய இடங்களில் ஓடைக்கரை, கிணற்று வெட்டு, ஆங்காங்கே தலைகாட்டும் பாறை இவற்றை இணைத்து ஊகித்துதான் எல்லை போடுவார்கள். தாள் வரைபடத்தில் ஊகக்கோடு விட்டு விட்டு இருக்கும். கணினிக்கு மாறும்போது அந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகலாம். சேலத்தை அடுத்த கஞ்சமலை போன்ற மாக்னடைட் (காந்தத்தன்மை கொண்ட இரும்புத் தாது) பாறைப் பகுதியில் காந்தத் திசைகாட்டியே பிசகும், பாறை சாயும் திசையை அளப்பவருக்கு அங்கே கூடுதல் கவனம் தேவை. போர்வெல்லுக்கு மின்தடை ஆய்வு (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அடியிலுள்ள அடுக்குகளை அறியும் முறை) செய்யுங்கள். பக்கத்துக் கிணறுகளில் சிதைந்த பாறை எத்தனை அடி வரை இருந்தது என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதிக்கான பழைய சர்வே வரைபடத் தாளை (எண் 58 ஐ/2) ஸ்கேன் செய்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். செயற்கைக்கோள் படத்தில் உள்ள சாலையும் ஓடையும் தாளில் தள்ளி விழுகின்றன. ஏன்?

பதில்: பூமியின் வடிவத்துக்கு வெவ்வேறு கணித மாதிரிகள் உண்டு. பழைய சர்வே தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை; ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு மாதிரி. மூலையில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகையை டபிள்யூஜிஎஸ் 84 என்று உள்ளிட்டால் நம் பக்கம் 100 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். முதலில் எவரெஸ்ட் என்றே மூலைகளைக் குறித்துப் பொருத்துங்கள், பிறகு மாற்றுங்கள். கோயில், பாலம் என மூன்று நான்கு அசையாத இடங்களில் சரிபாருங்கள். தளத்திலிருந்து பதிவிறக்கிய வரைபட அடுக்கும் தள்ளி விழுந்தால், ஷேப்ஃபைலோடு (அடுக்கின் தரவுக் கோப்பு) .பிஆர்ஜே (.prj) கோப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டால் மென்பொருளுக்கு ஆயமுறை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) தெரியாது.

கேள்வி: தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியத் தளத்தில் எங்கள் ஊரில் கனிமம் காட்டுகிறது. தோண்டலாமா?

பதில்: கூடாது. 2023 டிசம்பரில் தொடங்கிய அந்தக் களஞ்சியம் தருவது தகவல் மட்டுமே, உரிமை அல்ல. மணல், கட்டடக் கல் போன்ற சிறு கனிமங்களுக்கான விதிகளும் குத்தகையும் மாநில அரசின் கையில். இரும்புத் தாது போன்ற முக்கியக் கனிமங்களுக்கு, கனிமச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு ஏலம்தான் பொது வழி. பட்டா நிலமானாலும் முதலில் மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் சர்வே எண்ணோடு விசாரியுங்கள்.