எக்ஸ்ரே சொல்லித்தருபவருக்கு என்ன தேவை?

கேள்வி: பல வருடங்களாக எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன். அடுத்த மாதம் முதல் டிப்ளமோ மாணவர்கள் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். வேலை தெரியும், சொல்லித்தரத் தெரியவில்லை. நல்ல ஆசிரியருக்கு என்ன குணம் வேண்டும்?

பதில்: வேலை கைவந்துவிட்டதுதான் உங்களுக்கு முதல் இடைஞ்சல். நீங்கள் யோசிக்காமல் செய்வதை மாணவர் பார்த்து மட்டும் பிடித்துக்கொள்ள முடியாது. எனவே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நெஞ்சுப் படம் பி.ஏ. (கதிர் முதுகுப்பக்கமாக நுழைந்து நெஞ்சுப்பக்கமாக வெளியேறும் முறை) எடுக்கிறீர்களா? "டியூப் 180 செ.மீ. தள்ளி இருக்கட்டும், கிட்டே வந்தால் இதயம் பெரிதாகத் தெரியும். தோளை முன்னால் தள்ளுங்கள், தோள்பட்டை எலும்பு நுரையீரல்மேல் விழக்கூடாது." காரணம் தெரியாமல் அளவை மனப்பாடம் செய்தவர், நிற்க முடியாத நோயாளி வந்ததும் தடுமாறுவார்.

ரிஜெக்ட் ஆன படங்களை நோயாளியின் பெயரை நீக்கிச் சேர்த்து வையுங்கள். அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பிழையை நீங்கள் சொல்லாதீர்கள், மாணவர் சொல்லட்டும். காரை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தூரத்தில் இல்லையா? உடல் திரும்பியிருக்கிறது. உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் 10 தெரியவில்லையா? மூச்சு போதவில்லை. நுரையீரல் அடிப்பகுதி வெளுத்து, நிமோனியாவோ என்று டாக்டரைக் குழப்பும்.

டிஜிட்டலில் கூடுதல் கவனம் தேவை. பிலிம் காலத்தில் கதிர் அளவு கூடினால் படம் கறுத்துப்போய்க் காட்டிக்கொடுக்கும். இப்போது கம்ப்யூட்டர் சரிசெய்துவிடுகிறது. படம் இன்னும் அழகாகக்கூட இருக்கும், கூடுதல் கதிரை வாங்கிக்கொள்பவர் நோயாளி. ஆகவே ஒவ்வொரு படத்திலும் டீவியேஷன் இண்டெக்ஸை, அதாவது கதிர் சரியான அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்ணை, வாசிக்கச் சொல்லுங்கள். 0 சரியான அளவு, +3 ஏறக்குறைய இருமடங்கு, -3 பாதி. சில சி.ஆர். (கேசட்டில் பதிந்த படத்தை ரீடரில் வாசிக்கும் டிஜிட்டல் முறை) கருவிகளில் இதற்குப் பதில் வேறு எண் வரும். அது ஏறினால் கதிர் குறைவு என்று பொருள்! உங்கள் கருவி எந்த வகை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மாணவர் தவறு செய்தால் நோயாளி முன்பே திருத்தலாமா?

பதில்: பட்டனை அழுத்துமுன் திருத்தியே ஆகவேண்டும், ஆனால் ஒரே சொல்லில்: "தோள்", "மார்க்கர்" (படத்தில் வலம், இடம் காட்டும் குறி). விளக்கமும் கண்டிப்பும் நோயாளி போன பிறகு. பெயர், வலமா இடமா, கர்ப்பமா என்ற மூன்றிலும் மாணவரின் பதிலை மட்டும் நம்பாமல் நீங்களும் கேளுங்கள். மறுபடி எடுக்க நேர்ந்தால் அறையை விட்டு நகராதீர்கள். அமெரிக்காவில் ரேடியோகிராபி படிப்புகளை அங்கீகரிக்கும் ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. இதை விதியாகவே வைத்திருக்கிறது. தப்புப் பண்ணிப் பழக வேண்டுமானால் ஃபான்டம் என்ற உடல் மாதிரி பொம்மை இருக்கிறது.