தோழிக்கு பாலியல் கொடுமை நடந்திருக்கு, என்கிட்ட மட்டும் சொன்னா. நான் என்ன செய்யணும்?

கேள்விக்கு கீழ நீங்க "அவ கத்தவே இல்லையாம், அதான் எனக்கு குழப்பமா இருக்கு"ன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க. அதுல இருந்துதான் நான் ஆரம்பிக்கணும், ஏன்னா அதே கேள்வியை என் சித்தி மககிட்ட வாய்விட்டே கேட்டவ நான்.

எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம். தை மாசம், மொச்சை சீசன், ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து உரிச்சுக்கிட்டு இருந்தோம். தலையை நிமிராமலே சொன்னா. சொந்தத்துல மாமா முறை வேணும் அந்தாளு, வீட்டுக்கு வந்து போறவரு. அவ பேசப்பேச கை மட்டும் நிக்கவே இல்ல, பருப்பை தொலியோட எறிஞ்சுட்டு தொலியை சட்டிக்குள்ள போட்டுக்கிட்டு இருந்தா. நான் கேட்டது ஒன்னே ஒன்னுதான், "ஏண்டி கத்தல?" சட்டியை தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் அதப்பத்தி ஒரு வார்த்தை பேசல. (அவ யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விசயத்தை மாத்திதான் சொல்றேன்.)

ரொம்ப பயந்துட்டா உடம்பு ஓடும், இல்ல எதுத்து அடிக்கும், மூணாவதா அப்படியே மரத்தும் போகும், கை கால் அசையாது, தொண்டையில சத்தம் வராது. அது அவ யோசிச்சு எடுத்த முடிவு இல்ல, மூளை தானா செய்யுறது. அதுவும் தெரிஞ்ச ஆளு, நம்ம வீட்ல சோறு தின்ன ஆளுன்னா என்ன நடக்குதுன்னு புரியுறதுக்குள்ளயே எல்லாம் முடிஞ்சுரும். சட்டத்துலயே இது இருக்கு, உடம்பால எதிர்க்கலைங்கிற ஒரே காரணத்துக்காக அவ சம்மதிச்சான்னு எடுத்துக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. எனக்கு அது அன்னைக்கு தெரியாது.

அதனால நீங்க முதல்ல சொல்ல வேண்டியது "நீ சொல்றத நான் நம்புறேன், உன் மேல தப்பு இல்ல", அவ்வளவுதான். ஏன் அங்க போன, என்ன டிரஸ் போட்டிருந்த, இதெல்லாம் வேணாம். அவன் வீட்டுக்கு போயி சண்டை போடுறேன்னு நீங்களா கிளம்பவும் வேணாம், அவ கையில இருந்து பிடுங்குன முடிவை நாமளும் இன்னொரு தடவை பிடுங்குன மாதிரி ஆயிரும்.

நடந்து மூணு நாளுக்குள்ளன்னா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, ஹெச்ஐவி வராம தடுக்குற மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, கரு தங்காம இருக்குற மாத்திரையும் அப்படித்தான். மதுரைன்னா பெரியாஸ்பத்திரி இருக்கு, பிரைவேட்டா இருந்தாலும் இலவசமா வைத்தியம் பாத்தே ஆகணும், எஃப்ஐஆர் கொண்டு வாங்கன்னு திருப்பி அனுப்புனா அது குற்றம். அங்க இருந்து போலீசுக்கு தகவல் போகும், அது அவங்க கடமை, ஆனா கம்ப்ளைண்ட் குடுத்துத்தான் ஆகணும்னு அவளை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, உடம்பை சோதிக்கவும் அவ சம்மதம் வேணும். பிறப்புறுப்புல விரல் விட்டு பாக்குற ரெண்டு விரல் சோதனைன்னு ஒன்னு பண்ணிக்கிட்டு இருந்தாங்க, அதை 2013லயே சுப்ரீம் கோர்ட் தப்புன்னு சொல்லிருச்சு, 2022ல இனி செஞ்சா நடவடிக்கைன்னும் சொல்லிருச்சு, யாராவது ஆரம்பிச்சா முடியாதுன்னு சொல்லுங்க. குளிச்சிருந்தாலும் பரவாயில்ல, போங்க.

கம்ப்ளைண்ட் குடுக்கணும்னு அவ நெனச்சா எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், இது எங்க லிமிட் இல்லன்னு சொல்ல முடியாது. வாக்குமூலம் வாங்க பெண் போலீஸ் அவ வீட்டுக்கோ அவ சொல்ற இடத்துக்கோ வரணும். வக்கீல் செலவுக்கு பயப்படாதீங்க, சட்ட உதவி மையத்துல பொம்பளைங்களுக்கு வருமானமே பாக்காம இலவசம், நம்பர் 15100. 18 வயசுக்கு கீழன்னா மட்டும் கணக்கு வேற, போக்சோன்னு குழந்தைங்களை பாலியல் குற்றத்துல இருந்து காக்குற சட்டம் இருக்கு, அதுப்படி விசயம் தெரிஞ்சவங்க போலீசுக்கு சொல்லியே ஆகணும், குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு போடுங்க.

"பேரு வெளிய வந்துருமே"ங்கிறதுதான் எங்க சித்தியோட பயமும். பேரை வெளியிட்டா தண்டனை உண்டு. 2019ல பொள்ளாச்சி பாலியல் கேஸ்ல அந்தப் பொண்ணு பேரு வெளிய வந்ததுக்கு நம்ம மதுரை ஐகோர்ட் கிளைதான் அரசாங்கம் 25 லட்சம் குடுக்கணும்னு சொன்னுச்சு. அந்தக் கேஸ்ல 2025 மே மாசம் ஒன்பது பேருக்கும் சாகுற வரைக்கும் ஆயுள் தண்டனை கெடச்சுச்சு, ஒரு சாட்சி கூட பிறழல. அந்தப் பொண்ணுங்க அத்தனை வருசம் எப்படி தாங்குனாங்கன்னு நெனச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு அடைக்குது.

ரெண்டு வருசம் கழிச்சு நான்தான் போயி "அன்னைக்கு கேட்டது தப்புடி"ன்னு சொன்னேன். அழுதா, ரொம்ப நேரம். அப்புறம் அவளே பெண்கள் உதவி நம்பர் 181க்கு போன் போட்டா, அங்க இருந்து சகி மையத்துக்கு போகச் சொன்னாங்க, அது பாதிக்கப்பட்ட பொம்பளைங்களுக்கு அரசாங்கம் நடத்துற உதவி மையம், கவுன்சிலிங், போலீஸ், வக்கீல் எல்லாத்துக்கும் அங்கயே ஏற்பாடு பண்ணுவாங்க. அவ இன்னும் கேஸ் குடுக்கல, கவுன்சிலிங் மட்டும் போறா, நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன்.

நீங்க ஆஸ்பத்திரிக்கு போறதா இருந்தா ஒரு செட் மாத்து துணி எடுத்துக்கங்க, போட்டிருக்குற துணியை சாட்சிக்குன்னு வாங்கி வச்சுருவாங்க. முன்னாடியே மாத்திட்டான்னா அதை துவைக்காம பேப்பர்ல சுத்தி கொண்டு போங்க, பிளாஸ்டிக் கவர்ல வேணாம், வேர்த்து கெட்டுப்போயிரும்.