மின்கம்பி விட்டுப்போன இடத்தில் ட்ராம் நின்றுவிடாதா?

மேலே போகிற மின்கம்பி நடுவில் துண்டாக இருந்தால் ட்ராமுக்கு எப்படிக் கறன்ட் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ வீடியோவில் அந்த வெட்டைக் கண்டிருப்பீர்கள். மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்த நான் மெல்பேர்னில் ட்ராம் ஓட்டினவன். இந்தக் கேள்வியைக் கண்டுவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

பெரும்பாலான வெட்டுகளில் கறன்ட் நிற்பதே இல்லை. எங்காவது பழுது வந்தால் அந்தப் பகுதியை மட்டும் நிறுத்த வசதியாகக் கம்பியைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். நடுவே கறன்ட் கடத்தாத காவலி. அதன் இரு பக்கத்து உலோகச் சட்டங்களும் ஒன்றையொன்று தாண்டி நீண்டிருக்கும். ட்ராமின் கூரைமேல் உள்ள அகலப் பட்டை ஒன்றை விடுமுன்னே மற்றதைத் தொட்டுவிடும்.

உண்மையிலேயே கறன்ட் இல்லாத துண்டும் உண்டு. மெல்பேர்னின் கூயோங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ட்ராம் பாதையை ரயில் பாதை குறுக்கே வெட்டுகிறது. ட்ராமுக்கு 600 வோல்ட், ரயிலுக்கு 1500. இரண்டும் சேரவே கூடாது. இப்படியான இடத்தில் மோட்டருக்குக் கறன்ட் கொடுக்கிற கைபிடியைத் தளர்த்தி, வந்த வேகத்திலேயே உருண்டு கடக்க வேண்டும். ஏசி இரைச்சல் சட்டென்று அடங்கும். குறுக்குத் தண்டவாளத்தில் சக்கரம் தடதடக்கிறது மட்டும் கேட்கும். அவசர விளக்குக்குப் பற்றரி இருக்கிறது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற மருமகன் இதை நம்பவில்லை. "கறன்ட் இல்லாமல் எப்படி மாமா ஓடும்?" என்றான். "பாலத்து இறக்கத்தில் நீ பெடல் மிதிக்கிறாயா மனே?" என்று கேட்டேன்.

எல்லா ஊரிலும் இப்படித்தானா என்று யாராவது சண்டைக்கு வரலாம். இல்லை. பிரான்சின் போர்டோவில் 2003 முதல் சில தெருக்களில் மேலே கம்பியே கிடையாது. தரையில் பதித்த தண்டில், ட்ராம் மூடி நிற்கிற துண்டுக்கு மட்டும் கறன்ட் வரும். நான் ஓட்டியதைத்தான் நான் விரித்துச் சொல்ல முடியும்.

ஊர் திரும்பி ஒரு பஸ் கம்பனியில் வேலை கேட்டேன். "தண்டவாளத்தில்தானே ஓட்டினீர்கள், ஸ்டியரிங்கே இல்லையே" என்று அனுப்பிவிட்டார்கள். நெரிசல் தெருவில், குறுக்கே கார் திரும்பினாலும் விலக வழியில்லாத வண்டியை ஓட்டினவனிடம் சொல்கிற பேச்சா அது? விலக முடியாதவனுக்குத்தான் கண் தூரத்தில் இருக்க வேண்டும். இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, நீங்கள் பயப்படுவதுபோல் கறன்ட் இல்லாத துண்டில் நின்றே போனால்? பின்னால் வருகிற ட்ராமைக் கொண்டு தள்ள வேண்டியதுதான். அதனால், அந்தப் பக்கம் முழு ட்ராமும் ஏறி நிற்க இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே விடவே மாட்டோம்.