துளிரும் துளரும்

வணக்கம் ஐயா,

நான் ஊடகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒரு மாணவர் இதழின் அட்டையை வடிவமைக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே பக்கங்கள் கிடையாது, அட்டை மட்டும்தான். ‘துளிர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். என் தோழியை நானே படம் எடுத்தேன். பின்னணி பச்சையா மஞ்சளா என்று முடிவுக்கு வர முடியவில்லை. அட்டை காலியாக இருக்கிறது, இன்னும் நான்கு தலைப்புகள் போடு என்கிறார் ஆசிரியர். பெயரை ஆங்கிலத்தில் எழுதினால்தான் புரொஃபஷனலாக இருக்கும் என்கிறார்கள் வகுப்பில். தமிழில் எழுதியதைப் பார்த்தால் எனக்கே அது ஆண்டு மலர் மாதிரி தெரிகிறது. நல்ல எழுத்துரு ஒன்று சொல்வீர்களா? அட்டையை இணைத்திருக்கிறேன். கதை எழுதுகிறவரிடம் இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை.

(பெயர் நீக்கப்பட்டது)

அன்புள்ள மாணவிக்கு,

கேட்கலாம். சரியான வாரத்தில் கேட்டிருக்கிறீர்கள். என் அடுத்த நூலின் அட்டைக்காகப் பதினைந்து நாளாக வடிவமைப்பாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சண்டை ஒரே ஒரு புள்ளிக்காக. தலைப்பின் கடைசி மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளி கண்ணை உறுத்துகிறது என்று அவர் எடுத்துவிட்டார். “எடுத்தால் என்ன சார், எல்லாரும் படித்துக்கொள்வார்கள்” என்கிறார். படித்துக்கொள்வார்கள்தான். பல் போனவர்களும் பேசத்தான் செய்கிறார்கள்.

அந்த எரிச்சலோடு உங்கள் அட்டையைத் திறந்தேன். ‘துளர்’ என்று படித்தேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீங்களே இன்னொரு முறை பாருங்கள். உங்கள் தோழி குதித்துக்கொண்டே ஒரு கையை உயர்த்தியிருக்கிறார். நல்ல படம். முகத்தில் போஸ் கொடுக்கும் பாவனை இல்லை, ஒரு செருப்பு காலை விட்டுக் கழன்றுகொண்டிருக்கிறது, அதை நீங்கள் வெட்டாமல் விட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தக் கை இதழின் பெயருக்கு முன்னால் ஏறிப் போகிறது. ளகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவே போய், இகரக் கொக்கியை முழுசாக விழுங்கிவிட்டது. மிச்சம் நிற்பது து, ள, ர். ரகரத்தின் புள்ளியாவது இருக்கிறதா என்று தேடினால், இருக்கிறது, தாளின் மேல்விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பழைய அகராதிகளில் துளர் என்ற சொல்லுக்குக் களை என்று பொருள். துளிர் நட்ட இடத்தில் களை முளைத்திருக்கிறது.

(துளிர் என்ற பெயரில் குழந்தைகளுக்கான அறிவியல் இதழ் ஒன்று பல வருடங்களாக வருகிறது. வகுப்புப் பயிற்சிதானே, இருக்கட்டும்.)

ஆளின் தலையோ கையோ பெயரை மறைத்து நிற்பது பெரிய பத்திரிகைகள் செய்கிற வேலைதான். ஆள் தாளைவிட்டு வெளியே வருவதுபோல ஒரு தோற்றம் கிடைக்கும். டைம் பத்திரிகையில் நடு எழுத்து மறைந்துபோனாலும் யாரும் திகைப்பதில்லை. 1927இல் இருந்து அட்டையைச் சுற்றி அந்தச் சிவப்புச் சட்டம் இருக்கிறது, பெயரை யார் படிக்கிறார்கள்? அதோடு ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் மேல்பாதி தெரிந்தால் போதும், எழுத்தைப் பிடித்துவிடலாம். உங்கள் இதழோ இன்னும் பிறக்கவே இல்லை. நம் எழுத்தில் ஒரு கொக்கி போனால் வேறு எழுத்து, ஒரு சுழி கூடினால் வேறு சொல். நம்மிடம் மறைக்க உபரி கிடையாது.

சரி, காலியாக இருக்கிறது என்ற புகார். 1966 ஏப்ரலில் அதே டைம் படமே இல்லாமல், கறுப்புப் பின்னணியில் சிவப்பாக மூன்றே சொற்களை வைத்து, கடவுள் இறந்துவிட்டாரா என்று கேட்டது. எழுத்து மட்டுமே கொண்ட அதன் முதல் அட்டை அதுதான். காலி இடம் குற்றமில்லை. ஆனால் மதிப்பெண் என் கையில் இல்லையே. நான்கு தலைப்பு கேட்டால் நான்கு தலைப்பு போடுங்கள். ‘தேர்வு பயமா? 10 வழிகள்!’ என்று மட்டும் வேண்டாம். உள்ளே பக்கமே இல்லாத இதழுக்குப் பத்து வழியா? அதில் ஒன்றாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், எழுதி முடித்ததும் தலைப்பு தானாகவே மாறிவிடும். அப்புறம் அந்தப் பார்கோடு. இதழ்களுடையது 977 என்று தொடங்கும். நீங்கள் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது வேறு ஏதோ பொருளுடையது. எடுத்துவிடுங்கள்.

இனி ஆங்கிலம். உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் கண்ணுக்குப் படுவதைத்தான் சொல்கிறார்கள், ஏன் அப்படிப் படுகிறது என்று யோசிக்கவில்லை. நீங்களும் யோசிக்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். நீங்கள் இறக்கிப் பயன்படுத்திய டெம்ப்ளேட், ஒரே உயரத்தில் செங்கல் அடுக்கியதுபோல நிற்கும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்காகப் போட்ட பெட்டி. அதற்குள் தமிழைக் கொண்டுபோய் அடைக்கிறீர்கள். து காலை நீட்டும், ளி மேலே கொக்கி போடும், ர் தலையில் புள்ளியைச் சுமந்துகொண்டு வரும். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வரிசை கிடையாது. பெட்டியில் அடங்கவில்லை என்றதும் நீங்கள் என்ன செய்தீர்கள்? உயரம் போதவில்லை என்று எழுத்தைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தீர்கள். இழுத்ததும் கிடைக்கோடுகள் எல்லாம் தடித்து, செங்குத்துக் கோடுகள் இளைத்து, ளகரத்தின் சுழி முட்டை வடிவமாகிவிட்டது. தோழியின் முகத்தை இப்படி இழுப்பீர்களா? இழுத்த பிறகு ஆண்டு மலர் மாதிரி தெரிகிறது என்கிறீர்கள். அடுத்தவர் சட்டையைப் போட்டுவிட்டு, ஆளே அழகில்லை என்கிற கதை.

(உங்கள் மூன்றாவது தலைப்பில் ‘பொழுது’ உடைந்து, கொம்பு தனியாக ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மென்பொருளின் எழுத்து அமைப்பில் வேர்ல்டு ரெடி என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். யாரும் சொல்லித் தராததால் இது உங்கள் தப்பில்லை. ஆனால் பார்த்த பிறகும் அப்படியே விட்டது உங்கள் தப்பு.)

எழுத்துரு கேட்டீர்கள். சொல்ல மாட்டேன். பெயரை நீங்களே வரையுங்கள், மூன்றே எழுத்துதானே. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று தோன்றும். ஒரு கதை இருக்கிறது.

கல்லூரியில் நாங்கள் நான்கு பேர் ஒரு இதழ் கொண்டுவந்தோம். பெயர் ‘அகல்’. முந்நூறு பிரதி, சென்டர் பின் அடித்த முப்பத்திரண்டு பக்கம். பெயரை வரைந்தவன் என் நண்பன். மூன்று ராத்திரி வரைந்தான். அகரத்தையும் ககரத்தையும் சாதாரணமாகவே எழுதி, லகரத்தை மட்டும் கொஞ்சம் அகலமாக, ஏந்திய கை மாதிரி வளைத்து, அதற்கு மேலே நல்ல உயரத்தில் புள்ளிக்குப் பதிலாக ஒரு சின்னச் சுடரை வைத்தான். அவ்வளவுதான் வடிவமைப்பு. அட்டையில் வேறு படமே கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளிதான் விளக்கின் சுடர். இன்றைக்கும் அதைவிடப் பொருத்தமாக ஒரு பெயரை வரைந்தவர்களை நான் பார்த்ததில்லை.

நான்தான் ஆசிரியர். என் கையில் அப்போது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை இருந்தது, அதில் பெயர் தாளின் மேல்விளிம்பை இடித்துக்கொண்டு நிற்கும். நம்முடையதும் அப்படி இருக்க வேண்டும், மேலே ஏற்று என்றேன். அவன் வேண்டாம் என்றான். சுடருக்கு மேலே இருட்டு வேண்டும்டா, இல்லாவிட்டால் அது எரியாது என்றான். எனக்குப் பத்தொன்பது வயது. பெரிய பத்திரிகை எல்லாம் இப்படித்தான் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். ஒட்டிய தாளை நானே பிரித்து மேலே ஏற்றினேன்.

அச்சடித்து, பின் அடித்து, கட்டிங் மெஷினில் கட்டுக்கட்டாக வைத்து மூன்று பக்கமும் வெட்டுவார்கள். கத்தி இறங்கும்போது தாள் கட்டு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நழுவும், மேலே இருக்கும் பிரதிக்கும் அடியில் இருப்பதற்கும் வெட்டு ஒன்றுபோல விழாது. அச்சகத்துக்காரரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அது கத்தியின் சுபாவம். கட்டைப் பிரித்தபோது மேலே இருந்த சில பிரதிகளில் பாதிச் சுடர் இருந்தது. அடியில் போகப் போக ஒன்றுமே இல்லை. அகல் ‘அகல’ ஆகிவிட்டது. விலகிப் போக என்று அர்த்தம். எங்கள் பேராசிரியர் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “அகலச் சொல்கிறீர்கள், சரி, எங்கே போக?” என்றார்.

வெளியீட்டுக்கு நான்கு மணி நேரம் இருந்தது. நண்பன் ஒன்றும் பேசவில்லை. அலுவலக அறையில் இருந்து காகிதம் துளைக்கும் பஞ்ச் ஒன்றை வாங்கி வந்தான். சிவப்புச் சார்ட் தாளைத் துளைத்துத் துளைத்து, கீழே விழுந்த வட்டங்களை ஒரு மூடியில் சேர்த்தான். ஒவ்வொரு பிரதியிலும் லகரத்துக்கு மேலே ஒரு வட்டம். அங்கே ஒட்ட இடம் ஏது? பாதி வட்டம் தாளில், பாதி தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முந்நூறையும் ஒட்டினோம். விரலில் பசை காய்ந்து, பக்கம் புரட்டினால் பக்கமே கையோடு வந்தது. அன்று சாயங்காலம் எல்லாரும் அதைப் புதுமை என்று பாராட்டினார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எழுத்து வரைந்து நான் பார்த்ததில்லை. கேட்டால் நேரம் இல்லை என்பான். இப்போதும் அப்படித்தான் சொல்கிறான்.

என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. வட்டம் எப்போதோ உதிர்ந்துவிட்டது, பசைத் தடம் மட்டும் பழுப்பாக, அரை வட்டமாக.

இதை என் வடிவமைப்பாளரிடம் சொன்னேன். அவர் விவரமானவர். “ஓலைச்சுவடியில் புள்ளியே கிடையாதே சார்” என்றார். உண்மைதான், பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். அதனால் சுவடியை எடுத்துப் படித்தவர்கள் எது மெய், எது உயிர்மெய் என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது, பதிப்பித்தவர்கள் அதில் கண் நொந்தார்கள். மெய்யெழுத்தின் இயல்பே புள்ளியோடு நிற்பதுதான் என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. ஓலை கிழியும் என்று விட்டதற்கு ஒரு நியாயம் உண்டு. உங்கள் திரை கிழியுமா என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். கணினிக் கோப்பின் அளவை 216க்கு 303 என்று போடுங்கள், நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கத்திக்குக் கொடுத்தாயிற்று. வெட்டுக் கோட்டை ஒட்டி உள்ளே 5 மில்லிமீட்டர் பட்டையில் எழுத்து எதையும் வைக்காதீர்கள். புள்ளிக்கு நான் 10 கேட்பேன். வகுப்புப் பயிற்சி, திரையில்தானே பார்ப்பார்கள் என்று சொல்லாதீர்கள். கத்தி இல்லாத இடத்தில் பழகிவிட்டு, கத்தி இருக்கும் இடத்துக்குத்தான் போகப்போகிறீர்கள்.

அந்தக் கையை மட்டும் கணினியில் கொஞ்சம் நகர்த்திவிடலாமே என்று தோன்றும். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் கிடைமட்டமான ஒரு படத்தை நெடுக்கான அட்டையில் அடக்குவதற்காக எகிப்தின் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்துவிட்டு, பிற்பாடு பல வருடம் பேச்சு வாங்கியது. அவர்களுக்காவது பிரமிடைத் தள்ளி நிற்கச் சொல்ல வழியில்லை. உங்கள் தோழி பக்கத்தில்தான் இருக்கிறார். இன்னொரு தரம் குதிக்கச் சொல்லுங்கள். இடது பக்கம் கொஞ்சம் தள்ளி, துகரத்துக்கும் இடப்புறமாக, எந்த எழுத்தையும் மறைக்காமல் கை போகும்படி. செருப்பு மறுபடி அதேபோலக் கழலும் என்று உத்தரவாதம் இல்லை, அது உங்கள் அதிர்ஷ்டம்.

முடித்த பிறகு கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் ஒரு குழந்தையிடம் கொடுங்கள். பெரியவர்களிடம் காட்டாதீர்கள், அவர்கள் இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடுவார்கள். குழந்தை என்ன படிக்கிறதோ அதுதான் உங்கள் இதழின் பெயர்.

பின்னணி நிறம் கேட்டிருந்தீர்கள் இல்லையா? பச்சையே இருக்கட்டும். திரையில் தெரிகிற பளீர்ப் பச்சை மையில் வராது, கொஞ்சம் மங்கித்தான் வரும்.