மகள் குளிக்கப் போன நேரம்

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. வேலைக்குப் போகிறாள், வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்கேன் எடுத்ததில் அவளுக்கு நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. அவள் குளிக்கப் போயிருந்த நேரம் கைப்பையில் இருந்த ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து, யோசனை கேட்பதற்காக என் நாத்தனாருக்கு அனுப்பினேன். அவர் அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். விஷயம் மாப்பிள்ளை வீடுவரை போய்விட்டது. மகள் என்னோடு பேசுவதே இல்லை. இந்தப் பாழாய்ப்போன போன் வந்த பிறகு எந்த வீட்டிலும் ரகசியம் தங்குவதில்லை என்பதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: போனைத் திட்டி வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறொரு வரி. "அவள் குளிக்கப் போயிருந்த நேரம்."

ஏன் அந்த நேரம்? கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதே கேட்டிருக்கலாமே. கேட்டால் தரமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் குளியலறைக் கதவு சாத்தும்வரை காத்திருந்தீர்கள். வாட்ஸ்அப் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

நாம் வளர்ந்த காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? மருமகள் பிறந்த வீட்டுக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டர், மாமியார் படித்துப் பார்த்த பிறகே தபால்பெட்டிக்குப் போன வீடுகள் உண்டு. ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனது தெரு முழுக்கத் தெரிவதற்கு அன்றைக்கு எந்தப் போனும் தேவைப்படவில்லை.

போனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். நாத்தனார் வாயால் சொல்லியிருந்தால் பரவ நாலு நாளாவது ஆகியிருக்கும். படமாகப் போனதால் மகளின் பெயர், வயது, சினைப்பையின் அளவு எல்லாம் அச்சிட்டபடியே அத்தனை பேர் கேலரியிலும் சேர்ந்துவிட்டது. அனுப்பியதை எல்லோருக்குமாக அழிக்கும் வசதி சுமார் 2 நாள்வரைதான். சேமித்து வைத்தவர்களிடம் அதுவும் பலிக்காது. கம்பெனியின் குற்றம் தனிக் கதை. வாட்ஸ்அப்பின் 2021 தனியுரிமைக் கொள்கைக்காக அதன் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் செய்தியைப் படிக்க முடியாதபடி 2016 முதல் பூட்டு இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அந்தப் பூட்டு உடையவில்லை. அனுப்பியது நீங்கள், பெற்றது நாத்தனார்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் சொந்த, வீட்டுக் காரியமாகச் செய்வதற்கு விலக்குக் கொடுத்துவிட்டது. ஆக, வீட்டுக்குள் அவளைக் காக்க உங்களை விட்டால் ஆள் கிடையாது.

பெற்றவளுக்குக் கவலைப்பட உரிமை இல்லையா என்பீர்கள். உண்டு. அந்தக் கவலையோடு அவளிடம் அல்லவா போயிருக்க வேண்டும்? உடம்பைப் பற்றிய பயத்தை ஒரு பெண் முதலில் இறக்கிவைக்கும் இடம் அம்மாவாக இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். உங்கள் மகள் அதற்குக் கொஞ்சம் நாள் எடுத்துக்கொண்டாள், நீங்கள் பொறுக்கவில்லை. அப்படி என்ன அவசரம்? நீர்க்கட்டி 10 பெண்களில் ஒருவருக்காவது இருக்கிற பிரச்சினை. சிகிச்சை இருக்கிறது, பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். யோசனை கேட்க வேண்டியது டாக்டரிடம், அதுவும் மகள் கூப்பிட்டால் அவளோடு போய்.

புரியவைக்க எதுவும் மிச்சமில்லை. அவளுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. "நீ இல்லாத நேரம் பார்த்து உன் பையைத் திறந்தேன், உன்னைக் கேட்காமல் அனுப்பினேன், தப்பு என்னுடையது" என்று சொல்லுங்கள். போனையும் அத்தையையும் அந்தப் பேச்சில் இழுக்காதீர்கள். அழவும் வேண்டாம், அப்புறம் அவள் உட்கார்ந்து உங்களைத் தேற்ற வேண்டிவரும். வரன் விஷயத்தில், மறைத்துக் கல்யாணம் செய்வதை நான் ஒப்பமாட்டேன். ஆனால் சொல்ல வேண்டியவள் அவள், கேட்க வேண்டியவர் அந்தப் பையன். நடுவில் நீங்கள் பேசப் போகாதீர்கள்.

குரூப்பில் இருக்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, கேலரியிலிருந்து அந்தப் படத்தை அழிக்கச் சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும், யாராவது சுருக்கென்று ஏதாவது சொல்லவும் கூடும். வாங்கிக்கொள்ளுங்கள். நாத்தனாரிலிருந்து தொடங்குங்கள், இன்றைக்கே.