அரசு பாலிடெக்னிக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மகன் பத்தாவது முடித்திருக்கிறான். பிளஸ் டூ படித்துவிட்டு நேராக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் காலம் மிச்சமாகுமா?

ஆகாது. பத்தாவது முடித்துச் சேர்ந்தால் 3 ஆண்டுகள், ஆறு பருவங்கள். பிளஸ் டூ வழியாக வந்தால் பள்ளியில் 2, கல்லூரியில் 2 என 4 ஆண்டுகள். பொறியியல்தான் என்று பையன் உறுதியாக இருந்தால் இப்போதே சேருங்கள். தயக்கம் இருந்தால் பிளஸ் டூ நல்லது. மற்றப் படிப்புகளுக்கும் வழி இருக்கும்.

ஐடிஐ முடிக்காமல், பிளஸ் டூ வழியாக இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் சேர்ந்தேன். டிராயிங் பாடத்தில் திணறுகிறேன்.

முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தத் திணறல். ஐடிஐ மாணவர்களுக்குக் கணக்கு இடிக்கும், உங்களுக்கு டிராயிங்.

நம் பாடத்திட்டம் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. முன்தோற்றத்துக்கு நேர் கீழே மேல்தோற்றம் வரும். இடப்பக்கத் தோற்றம் வலப்புறம் வரும். பார்ப்பவருக்கும் தளத்துக்கும் நடுவில் பொருள் இருக்கிறது; அதைத் தாண்டியுள்ள தளத்தில் தோற்றம் விழுவதால்தான் இப்படி. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் காணொளிகள் தேர்ட் ஆங்கிள் முறையில் இருக்கும், அதில் மேல்தோற்றம் மேலேயே வரும். இரண்டையும் கலந்து வரைந்தால் அளவெல்லாம் சரியாக இருந்தும் விடை தவறாகிவிடும்.

கோடு போடும் கருவியான மினி டிராஃப்டரைப் பலகையின் மேல் விளிம்பில் இடப்பக்கம் இறுக்குங்கள். ஒரு கிடைக்கோடு போட்டு, ஸ்கேலை அதன் மறுமுனைக்கு நகர்த்திப் பாருங்கள். கோட்டோடு ஒட்டாவிட்டால் திருகு தளர்ந்திருக்கிறது. துணைக்கோடுகளை 2எச் பென்சிலில் மெல்லிதாகப் போட்டு, வடிவம் முழுவதும் வந்த பிறகே எச் பென்சிலில் அழுத்துங்கள். தொடக்கத்திலேயே எச்பி எடுத்தால் அழித்து அழித்துத் தாள் கறுத்துப்போகும். ஐசோமெட்ரிக் (முப்பரிமாண) படத்திலிருந்து மூன்று தோற்றங்களும் வரையும் கணக்கைத் தினம் ஒன்று போடுங்கள். கை தானாகப் பழகிவிடும்.

புதுமைப் பெண் திட்டத்தில் தோழிகளுக்கு மாதம் ₹1,000 வருகிறது, எனக்கு வரவில்லை. டிப்ளமோவுக்கு உண்டுதானே?

உண்டு, விதிப்படி அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்து வந்தவராக இருந்தால். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். அது ஏறிவிட்டதா என்று முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். ஏறியிருந்தால் வங்கிக்குப் போங்கள். கணக்கில் ஆதார் எண் பதிந்திருந்தால் மட்டும் போதாது. அரசு உதவிப் பணம் வர என்பிசிஐ இணைப்பும் வேண்டும்; ஆதாருக்கு வரும் பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்று காட்டுவது அதுதான். வேறொரு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கும்போது அந்த இணைப்பு அங்கே மாறியிருக்கலாம். அப்படியானால் பணம் அந்தக் கணக்கில் கிடக்கும், அதையும் பாருங்கள்.

ஒரு அரியர் இருக்கிறது. பிஇ இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா?

முடியாது. டிப்ளமோவில் முழுத் தேர்ச்சி வேண்டும். நுழைவுத் தேர்வு கிடையாது, டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு நடக்கும். அதனால் அரியரை முடித்தால் போதும் என்று இருக்காமல் நல்ல மதிப்பெண்ணோடு முடியுங்கள்.

கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவர் எஸ்எஸ்சி ஜேஇ எழுதலாமா?

அது மத்திய அரசின் ஜூனியர் இன்ஜினியர் பணிக்கு, சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரிவுகளுக்கான தேர்வு, உங்களுக்குப் பொருந்தாது. மத்திய அரசின் நாட்ஸ் தளத்தில் பதிந்து ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் பாருங்கள். மாத உதவித்தொகையும் முடிவில் சான்றிதழும் கிடைக்கும்.